20 எம்எம்னா 20 எம்எம் இல்ல

சாலிட்வொர்க்ஸ்ல ஒரு வட்டம் வரைஞ்சு, டைமென்ஷன் பெட்டியில 20னு டைப் பண்ணி என்டர் தட்டுங்க. பச்சை டிக் வரும். அதை 100 எம்எம் எக்ஸ்ட்ரூட் பண்ணுங்க. இப்போ உங்ககிட்ட சரியா 20 எம்எம் விட்டத்துல ஒரு ஷாஃப்ட் இருக்கு. எவ்வளவு ஜூம் பண்ணிப் பார்த்தாலும் அது 20 தான்.

அப்படி ஒரு ஷாஃப்டை இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்ல. இனிமேலும் யாராலும் செய்ய முடியாது. லேத்ல கடைஞ்சா 19.98 வரும், 20.01 வரும். கிரைண்டிங் பண்ணா இன்னும் கிட்ட வரும், ஆனா 20ஐத் தொடாது. ஒரு பக்கம் அளந்தா ஒரு நம்பர், கொஞ்சம் திருப்பி அளந்தா இன்னொரு நம்பர். அதனாலதான் டாலரன்ஸ்னு ஒண்ணு தேவைப்படுது.

மெக்கானிக்கல் மக்களே, உங்களுக்கு இது ரெண்டு மார்க் கேள்வி. "மேக்சிமம் லிமிட்டுக்கும் மினிமம் லிமிட்டுக்கும் உள்ள வித்தியாசம்"னு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். நானும் அப்படித்தான் எழுதினேன், ரெண்டு மார்க்கும் வந்துச்சு. மத்த டிபார்ட்மென்ட் ஆளுங்களும் ஓடிடாதீங்க. இதுல கோடிங்கும் வருது, கொஞ்சம் காசு விவகாரமும் வருது.

நான் படிச்சது முழுக்க இங்கிலீஷ் மீடியம். டாலரன்ஸ்ங்கிற வார்த்தையை முதன்முதலா கேட்டது ஸ்கூல் சர்க்குலர்ல. லேட்டா வந்தா ஜீரோ டாலரன்ஸ், ஷூ பாலிஷ் இல்லைன்னா ஜீரோ டாலரன்ஸ். காலேஜுக்கு வந்து பார்த்தா, இந்தத் துறையில நடக்கவே நடக்காத ஒரே விஷயம் அந்த ஜீரோ டாலரன்ஸ்தான். தமிழ் அகராதியில தேடினா சகிப்புத்தன்மைன்னு போட்டிருக்கு. யோசிச்சுப் பார்த்தா அது ஒண்ணும் தப்பான அர்த்தம் இல்ல. இந்தப் பார்ட் எவ்வளவு தள்ளி இருந்தாலும் பொறுத்துக்கலாம்? கேள்வியே அதுதான்.

சின்ன உதாரணம். பிஎஸ்ஜி டேட்டா புக்கைத் திறந்தா 20 எச்7 துளைக்கு +0.021, 0ன்னு இருக்கும். 20 ஜி6 ஷாஃப்டுக்கு -0.007, -0.020. அதாவது துளை 20.000ல இருந்து 20.021 வரைக்கும் இருக்கலாம், ஷாஃப்ட் 19.980ல இருந்து 19.993 வரைக்கும் இருக்கலாம். எந்தத் துளையில எந்த ஷாஃப்டைப் போட்டாலும் குறைஞ்சது 7 மைக்ரான், அதிகபட்சம் 41 மைக்ரான் இடைவெளி கிடைக்கும். ரெண்டையும் செஞ்சவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்திருக்கவே வேண்டாம். ஒருத்தர் கோயம்புத்தூர்ல, இன்னொருத்தர் புனேல இருக்கலாம். அப்பவும் மாட்டும். டாலரன்ஸ்ங்கிறது, ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ரெண்டு பேருக்கு நடுவுல ட்ராயிங் போட்டு வைக்கிற ஒப்பந்தம்.

இதெல்லாம் புத்தகத்துல படிச்சது. நிஜமா புரிஞ்சது ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல.

எங்க ப்ராஜெக்ட், தென்னந்தோப்புல மருந்து அடிக்கிற நாலு சக்கர வண்டி. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சின்ன கியர் பாக்ஸ். அலுமினிய ஹவுசிங், உள்ள ரெண்டு 6204 பேரிங், நடுவுல ஒரு ஸ்டீல் ஸ்பேசர், மேல ஒரு மூடி. தோப்புல ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணுல இருந்து கழட்டி மாட்டணும். அதனால நாலும் ஒரே மாதிரி இருக்கணும்னு முதல்லயே முடிவு பண்ணிட்டோம்.

மாடல் முடிஞ்சுது. அசெம்ப்ளியில இன்டர்ஃபியரன்ஸ் செக் பண்ணோம், ஜீரோ. எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்தது ட்ராயிங். டாலரன்ஸ் எவ்வளவு போடறதுன்னு பேச்சு வந்தப்போ டீம்ல ஒருத்தன் சொன்னான்: "எல்லாத்துக்கும் ±0.01 போட்டுடலாம். சேஃப்." இன்னொருத்தன், "டைட்டா இருந்தா நல்லதுதானே, எக்ஸ்டர்னலுக்கும் பிடிக்கும்." எனக்கு உறுத்தலா இருந்துச்சு. ஆனா ஏன்னு அப்போ சொல்லத் தெரியல. சரி, ரேட் கேட்டுட்டு வரலாம்னு போனோம்.

கணபதி பக்கத்துல ஒரு சின்ன வொர்க்‌ஷாப். ரெண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு பழைய ரேடியோ. அண்ணா ட்ராயிங்கை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெத்தியில ஏத்தி வச்சுக்கிட்டு, ரொம்ப நேரம் பார்த்தார். சொன்ன ரேட் எங்க மொத்த பட்ஜெட்டைவிட அதிகம். நாங்க முகத்தைத் தொங்கப்போட்டுட்டு நின்னோம். அவர் கேட்டார்: "ஏங்கண்ணு, இதுல எது முக்கியம்?"

"எல்லாமே முக்கியம்தாண்ணா"ன்னான் நண்பன்.

"எல்லாமே முக்கியம்னா எதுவுமே முக்கியம் இல்லீங்க தம்பி. மூடியோட வெளி விட்டத்துக்கு எதுக்குங்க 0.01? அது காத்துல நிக்கப்போகுது. பேரிங் உக்காருற இடத்தைச் சொல்லுங்க, அதை நான் பத்திரமாச் செஞ்சு தர்றேன். மத்ததுக்கு ஏன் காசைக் கரைக்கிறீங்க?"

அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல உக்காந்து கணக்குப் போட ஆரம்பிச்சேன்.

எங்க பாக்ஸ்ல நிஜமாவே முக்கியமான ஒரு இடம், மூடிக்கும் பேரிங்குக்கும் நடுவுல வர்ற இடைவெளி. அது இல்லாமப் போச்சுன்னா மூடி சரியா உக்காராது, இல்லைன்னா பேரிங்கை நசுக்கும். ரொம்ப அதிகமானா ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடும். 0.1ல இருந்து 0.7க்குள்ள இருந்தா எங்க வண்டிக்குப் போதும்னு முடிவு பண்ணோம்.

இந்த இடைவெளியை யாரும் நேரா செய்யறதில்ல. அது மிச்சம். ஹவுசிங் ஆழம் 63.3. அதுல இருந்து ஒரு பேரிங் 14, ஸ்பேசர் 30, இன்னொரு பேரிங் 14, மூடியோட உள்நீட்டு 5. கழிச்சா 0.3. கம்ப்யூட்டர் காட்டுறதும் 0.3 தான். ஆனா இந்த அஞ்சு நம்பர்ல ஒண்ணுகூட நிஜத்துல அப்படியே இருக்காது. இதைத்தான் டாலரன்ஸ் ஸ்டேக்-அப்னு சொல்றாங்க. ஒவ்வொரு பார்ட்டோட தப்பும் வரிசையில சேர்ந்து கடைசி ஆள் தலையில விழும்.

இதுல எனக்குத் தூக்கிவாரிப்போட்ட விஷயம் பேரிங். 6204 பேரிங்கோட அகலம் 14னு கேட்டலாக்ல இருக்கும். ஆனா சாதாரண கிளாஸ் பேரிங்குக்கு அந்த அகலத்துல அனுமதி 0ல இருந்து -0.12 வரைக்கும். அதாவது கடையில வாங்குற பேரிங் 13.88 ஆகவும் இருக்கலாம். விட்டத்துல மைக்ரான் கணக்கு பார்க்கிற அதே பேரிங், அகலத்துல இவ்வளவு தாராளம். ஏன்னா விட்டம்தான் அதோட உயிர், அகலம் பெரும்பாலான இடத்துல அவ்வளவு முக்கியம் இல்ல. எது முக்கியம்னு பேரிங் செய்யறவங்களும் யோசிச்சிருக்காங்க.

இப்போ கணக்கு. நாங்க செய்யற மூணு அளவுக்கும் ±0.01 போட்டா, மோசமான நிலையில இடைவெளி 0.27ல இருந்து 0.57 வரைக்கும். மொத்த ஆட்டம் 0.30. அதுல 0.24 ரெண்டு பேரிங்கால மட்டுமே வருது. நாங்க அவ்வளவு காசு கொட்டி வாங்கப்போற துல்லியம் மிச்சமிருக்கிற 0.06ல மட்டும்தான் வேலை செய்யும். ±0.05 போட்டா 0.15ல இருந்து 0.69 வரைக்கும். எங்க 0.1 டூ 0.7க்குள்ள கச்சிதமா உக்காருது. ±0.1 போட்டா 0ல இருந்து 0.84 வரைக்கும் போயிடுது. லிமிட்டைத் தாண்டிடுச்சு.

அப்போ பதில் ±0.05. முடிஞ்சுதா? இல்ல. எங்க டீம்ல கோடிங் பிரியன் ஒருத்தன் இருக்கான். அவன் கேட்டது நியாயமான கேள்வி: "அஞ்சு பார்ட்டும் ஒரே நேரத்துல மோசமான எல்லையில இருக்க சான்ஸ் எவ்வளவு?"

பைத்தான்ல பத்து வரி. ஒவ்வொரு அளவையும் நார்மல் டிஸ்ட்ரிப்யூஷன்ல ரேண்டமா எடுத்து, லட்சம் கியர் பாக்ஸை கம்ப்யூட்டருக்குள்ளயே அசெம்பிள் பண்ணோம். மான்டே கார்லோ. ±0.1க்கே லட்சத்துல ஒண்ணு வெளிய போறதே அபூர்வமா இருந்துச்சு. "பாத்தியா, 0.1ஏ போதும், இன்னும் காசு மிச்சம்"னு அவன் சொன்னான். கணக்குல தப்பு எதுவும் இல்ல.

மறுநாள் அந்த ரிசல்ட்டை அண்ணாகிட்ட சொன்னோம். லட்சம் பாக்ஸ் செஞ்சீங்களான்னு முதல்ல சிரிச்சார். அப்புறம் ஒண்ணு சொன்னார்: "நான் கடையும்போது எப்பவும் கொஞ்சம் மெட்டீரியல் மிச்சம் வச்சுத்தான் நிறுத்துவேங்க. ஜாஸ்தி இருந்தா இன்னொரு கட் எடுத்துக்கலாம். கொறஞ்சு போனா ஒட்டவா முடியும்?"

இந்த ஒரு வரியில எங்க நார்மல் டிஸ்ட்ரிப்யூஷன் அடி வாங்கிடுச்சு. நாங்க ஒவ்வொரு அளவும் நடுவுல குவியும்னு வச்சிருந்தோம். ஆனா அவர் கை நடுவுல நிக்காது, மெட்டீரியல் இருக்கிற பக்கம்தான் நிக்கும். அப்போ ஸ்பேசர் கொஞ்சம் நீளமா வரும். மூடியோட உள்நீட்டும் நீளமா வரும். ஹவுசிங் ஆழம் கொஞ்சம் குறைவா வரும். மூணுமே இடைவெளியைத் தின்னும் பக்கம். ஒண்ணோட தப்பை இன்னொண்ணு சரிக்கட்டும்னு நம்பித்தான் அந்த லட்சத்துல ஒண்ணு கணக்கு வந்துச்சு. இங்க எல்லாமே ஒரே பக்கம் சாய்ஞ்சிருக்கு.

திரும்ப ரன் பண்ணோம். ±0.1க்குள்ள, மூணு அளவும் மெட்டீரியல் பக்கமா 0.08 தள்ளிக் குவியுதுன்னு வச்சா, லட்சத்துல நானூறுக்கு மேல ஃபெயில். சிமுலேஷனுக்கு லேத் முன்னாடி நிக்கிற மனுஷனோட பழக்கம் தெரியாது. அதை நாமதான் கேட்டு வந்து சொல்லணும். ±0.05ன்னே முடிவு பண்ணோம்.

இந்த வேலை நடக்கும்போதே இன்னொரு கேள்வி வந்துச்சு. இவ்வளவு கணக்கும் எங்க எக்செல் ஷீட்ல இருக்கு. அந்த 3டி மாடலுக்கு இதுல ஏதாவது தெரியுமா?

தெரியாது. நாங்க அண்ணாவுக்கு வாட்ஸ்அப்ல ஸ்டெப் ஃபைல் அனுப்பினோம். போன்லயே திறந்து சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "உருவம் வந்துருச்சு, லிமிட்டைக் காணோமே. பேப்பர் குடுங்க"ன்னார். அவர் கேட்டது சரி. மாடல்ல இருந்தது உருவம் மட்டும்தான்.

இது பழைய பிரச்சனை. கம்ப்யூட்டர்ல சாலிட் மாடல் உருவாக ஆரம்பிச்ச காலத்துலயே இதை யோசிச்சிருக்காங்க. அமெரிக்காவுல ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்துல இருந்த அரிஸ்டைட்ஸ் ரெக்விச்சா 1983ல ஒரு பேப்பர் எழுதினார். அவர் ஐடியா கேட்க எளிமையா இருக்கும். ஒரு பார்ட்டோட உருவத்தைக் கொஞ்சம் ஊதிப் பெருசாக்குங்க. அதே உருவத்தைக் கொஞ்சம் சுருக்குங்க. இந்த ரெண்டு தோலுக்கும் நடுவுல ஒரு மெல்லிய இடம் கிடைக்கும். நிஜ பார்ட்டோட மேற்பரப்பு அந்த இடத்துக்குள்ள அடங்கினா பாஸ். அதாவது மாடல்ங்கிறது ஒரு உருவம் இல்ல, ஏத்துக்கக்கூடிய எல்லா உருவங்களும் சேர்ந்த ஒரு கூட்டம். நாம ஸ்க்ரீன்ல பார்க்கிறது அந்தக் கூட்டத்துல ஒரே ஒரு ஆள்.

அதுக்கும் முன்னாடி, பேப்பர் ட்ராயிங் காலத்துலயே ஸ்காட்லாந்துல அலெக்ஸாண்ட்ரியாங்கிற ஊர்ல டார்பிடோ ஃபேக்டரியில வேலை பார்த்த ஸ்டான்லி பார்க்கர், துளைகளோட இடத்துக்கு வட்டமா டாலரன்ஸ் கொடுக்கலாம்னு காட்டினார். ஒரு துளைக்கு இந்தப் பக்கம் ±0.1, அந்தப் பக்கம் ±0.1 கொடுத்தா அனுமதி ஒரு சதுரம். சதுரத்தோட மூலையில இருக்கிற துளை, நடுவுல இருந்து 0.14 தள்ளி இருந்தாலும் பாஸ். ஆனா நேரா ஒரு பக்கமா 0.12 தள்ளி இருந்தா ஃபெயில். போல்ட்டுக்கு திசை தெரியுமா? 0.14ல மாட்டுற போல்ட் 0.12லயும் மாட்டும்தானே! அந்த மூலைகளைத் தொடுற மாதிரி வட்டம் போட்டா, அனுமதிக்கிற பரப்பு 57 சதவீதம் கூடுது. பார்ட் தூக்கிப் போடறது குறையும், மாட்டுறதுல எந்தக் குறையும் வராது. எங்க மூடியில இருக்கிற நாலு எம்5 போல்ட் துளைக்கும் இப்படித்தான் கொடுத்தோம். துளை 5.5, போல்ட் 5, மிச்சம் 0.5. மூடிக்கும் ஹவுசிங்குக்கும் சரிபாதி பங்கு போட்டா ஆளுக்கு 0.25 விட்டத்துல ஒரு வட்டம்.

இன்னைக்கு இந்த விவரத்தையெல்லாம் 3டி மாடல்லயே டேட்டாவா வைக்கலாம். அமெரிக்க ஸ்டாண்டர்டான ஒய்14.41, 2003ல வந்தது, அதுக்காகத்தான். ஸ்டெப் ஃபைல்ல ஏபி242ங்கிற வகை 2014ல வந்தது. அதுல டாலரன்ஸை வெறும் எழுத்தா இல்லாம, இந்த முகத்துக்கு இந்த அனுமதின்னு மெஷினே படிக்கிற மாதிரி சேர்க்க முடியும். நாம எக்ஸ்போர்ட் பண்ணும்போது எந்த ஆப்ஷன்னு பார்க்காம ஓகே தட்டுறோமே, அந்தப் பட்டியல்ல இது இருக்கான்னு அடுத்த தடவை பாருங்க. 3டி பிரிண்டிங்குக்கு அனுப்புற எஸ்டிஎல் ஃபைல்ல இதுக்கு இடமே கிடையாது. அது வெறும் முக்கோணங்கள். எம்எம்மா இன்ச்சான்னுகூட அதுக்குத் தெரியாது.

இன்னொரு வேடிக்கை. அவ்வளவு துல்லியம்னு நாம நினைக்கிற சாலிட்வொர்க்ஸுக்கு உள்ள ஓடுறது பாராசாலிட்ங்கிற கெர்னல். அதுக்கே ஒரு டாலரன்ஸ் இருக்கு. ரெண்டு புள்ளி 0.00001 எம்எம்முக்குள்ள இருந்தா ரெண்டும் ஒண்ணுன்னு எடுத்துக்கும். இல்லைன்னா அதுக்கும் எட்ஜும் எட்ஜும் சேருதான்னு முடிவு பண்ணத் தெரியாது. கம்ப்யூட்டருக்கே கொஞ்சம் பொறுத்துக்கத் தெரிஞ்சாதான் வேலை ஓடுது.

மார்ச்ல பார்ட் எல்லாம் வந்துச்சு. வொர்க்‌ஷாப்லயே வச்சு அளக்கலாம்னு பார்த்தா அன்னைக்கு மத்தியானம் 34 டிகிரி. நீளம் அளக்க உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட வெப்பநிலை 20 டிகிரி. ஏசி இல்லாம நம்ம ஊர்ல அது எங்க கிடைக்கும்? 63.3 எம்எம் அலுமினியம் 14 டிகிரி சூட்டுல சுமார் 0.02 எம்எம் வளரும். ±0.01 போட்டிருந்தா வெயிலே அதை ரெண்டு மடங்கு தின்னிருக்கும். காலேஜ் மெட்ராலஜி லேப்ல ஏசி ஏன் ஓடுதுன்னு அன்னைக்குத்தான் மதிப்பு தெரிஞ்சுது. அதுவரைக்கும் நாங்க அங்க போனது வெயிலுக்கு ஒதுங்கத்தான்.

பார்ட் எல்லாத்தையும் ராத்திரி முழுக்க லேப்லயே வச்சு, காலையில டெப்த் மைக்ரோமீட்டர்ல அளந்தோம். நாலு பாக்ஸ்லயும் இடைவெளி: 0.26, 0.31, 0.29, 0.35. எல்லாமே லிமிட்டுக்குள்ள. எல்லாமே நடு அளவான 0.42க்குக் கீழ. அண்ணா சொன்ன மாதிரியே, மெட்டீரியல் பக்கமா. ஒரு பாக்ஸோட மூடியை இன்னொண்ணுல மாத்திப் போட்டுப் பார்த்தோம், பதினாறு ஜோடியும் உக்காந்துச்சு. பேரிங் உக்காருற 47 எச்7 துளையில மட்டும் அண்ணா நிஜமாவே நேரம் எடுத்து வேலை செஞ்சிருந்தார். மீதி அளவெல்லாம் ஐஎஸ்ஓ 2768 மீடியம். செலவு பட்ஜெட்டுக்குள்ள முடிஞ்சு, டீ செலவுக்கும் மிஞ்சுச்சு.

ஃபைனல் ரிவ்யூல எக்ஸ்டர்னல் கேட்ட முதல் கேள்வி: "ஏன் ±0.05?" பதில் சொல்ல எங்ககிட்ட ஒரு பக்கம் கணக்கு இருந்துச்சு. அதைவிட முக்கியம், மூணு பேர்ல யாரைக் கேட்டிருந்தாலும் அந்தப் பதிலைச் சொல்லியிருப்பாங்க.

ஜூன்ல நான் ஒரு ஐடி கம்பெனியில ஜாயின் பண்றேன். மெக் படிச்சிட்டு எதுக்கு இதெல்லாம்னு வீட்ல சொந்தக்காரங்க கேட்கிறாங்க. டிசைன் வேலைக்கு ஒரு இன்டர்வியூ இன்னும் பாக்கி இருக்கு, அது என்னாகும்னு பார்க்கணும். எங்க போனாலும் ஸ்க்ரீன்ல ஒரு நம்பர் ரொம்ப சுத்தமா தெரிஞ்சா, இது எவ்வளவு வரைக்கும் தப்பா இருக்கலாம், அப்படி இருந்தா யாருக்கு வலிக்கும்னு கேட்கிற பழக்கம் மட்டும் ஒட்டிக்கிச்சு.

ஜூனியர்ஸுக்கு ஒண்ணு. எங்க எக்செல் ஷீட்டை டிபார்ட்மென்ட் டிரைவ்ல போட்டிருக்கோம். அளவு, டாலரன்ஸ், யார் செய்யறாங்க, எதுல அளக்கறோம்னு காலம் இருக்கும். கடைசி காலத்துக்குத் தலைப்பு "ஏன்?" உங்க பார்ட்டோட அளவுகளைப் போட்டு நிரப்புங்க. அந்தக் கடைசி காலத்துல எழுத எதுவும் இல்லைன்னா, அந்த டாலரன்ஸை லூஸ் பண்ணிடுங்க. காசு மிச்சம்.